இருமலே இல்லாதவருக்கு மூளையில் டிபியா?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, கம்பெனி விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 44 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சில வருடங்களாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். குடி, சிகரெட் இல்லை. சாயங்காலமானால் லேசான காய்ச்சல், அசதி, மந்தமான தலைவலி என்று தொடங்கியிருக்கிறது. பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்று சொல்லி, ஊசியும் ஒரு வாரத்துக்கு ஆஃப்லாக்சசின் மாத்திரையும் கொடுத்தார்கள். காய்ச்சல் மட்டுப்பட்டது, தலைவலி போகவில்லை. இரண்டாம் வாரம் விடியற்காலையில் தலைவலியோடு எழுந்து வாந்தி எடுத்தார். ஒருவர் கேஸ் என்றார், இன்னொருவர் ஒற்றைத் தலைவலி என்றார். மூன்றாம் வாரம், 18 வருடமாக அதே வேலை பார்ப்பவர், எக்ஸ்எல் அளவுக்கு வெட்ட வேண்டிய துணியை எம் அளவுக்கு வெட்டி வைத்துவிட்டார். கேட்ட சூப்பர்வைசர் மீது எரிந்து விழுந்திருக்கிறார். வீட்டில் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். கேட்டால், "ரெண்டு ரெண்டாத் தெரியுது." கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் தலை சி.டி. ஸ்கேன் நார்மல் என்றும், உடம்பில் உப்பு குறைந்திருக்கிறது என்றும் சொல்லி இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். 24-ம் நாள் காலை எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை. படுக்கையிலேயே சிறுநீர் போயிருந்தது. அன்றுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகில் தண்ணீர் எடுத்துச் சோதித்து, மூளை உறையில் டிபி என்று சொல்லி அன்றிரவே மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். ஒன்பது நாள் ஆகிறது. இப்போது ஆளை அடையாளம் தெரிகிறது, பேசுகிறார். ஆனால் முதுகுநீரில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை நெகட்டிவ். "இருமல் இல்லை, எக்ஸ்ரே சுத்தம், டெஸ்ட்டும் நெகட்டிவ். எதை வைத்து டிபி என்கிறார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோவையில் வேறு இடத்துக்குக் கூட்டிப் போகலாம்" என்கிறார் கொழுந்தனார். இது உண்மையில் டிபிதானா, பிள்ளைகளுக்கு ஒட்டுமா, முதுகில் ஊசி போட்டதால் கால் போய்விடுமா, அந்தக் கிளினிக் மீது புகார் கொடுக்கலாமா என்று கேட்கும் சகோதரி கடைசியில் இப்படி எழுதுகிறார்: "24 நாள் கூடவே இருந்தேன். எந்த அறிகுறியைப் பார்க்காமல் விட்டேன், டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதில் அச்சில் வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், மருந்தை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம், டிஸ்சார்ஜ் வாங்க வேண்டாம் என்று கடிதம் வந்த அன்றே ஆசிரியர் குழுவைச் சொல்லச் சொன்னேன். அதற்கான காரணங்களைத்தான் இப்போது விரிவாக எழுதுகிறேன். உங்கள் கணவரை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் படங்களை வைத்துப் பேசுகிறேன். அவரைத் தினமும் பார்க்கும் டாக்டரின் முடிவுதான் முதன்மையானது.

இருமல் இல்லையே?

டிபி என்றதும் நமக்கு நுரையீரலும் சளியும்தான் ஞாபகம் வரும். கிருமி உள்ளே நுழைவது மூச்சு வழியாகத்தான். ஆனால் அது பல வருடம் முன்பே, யாருக்கும் தெரியாமல் நடந்திருக்கலாம். அப்போது ரத்தத்தில் கலந்த சில கிருமிகள் மூளையிலோ அதை மூடியிருக்கும் உறையிலோ சின்ன முடிச்சாகத் தங்கிவிடும். இப்படி ஒரு முடிச்சு உடைந்துதான் இந்த நோய் தொடங்குகிறது என்று ஆர்னால்டு ரிச், மெக்கார்டாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-ல் காட்டினார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும் காலத்தில் அது உடைகிறது. உங்கள் கணவர் விஷயத்தில் என் சந்தேகம் சர்க்கரை மீதுதான். சர்க்கரை நோய் இருந்தால் டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. எச்.ஐ.வி. சோதனைக்குக் கையெழுத்துக் கேட்டதில் கொழுந்தனாருக்குக் கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள். டிபி என்று வந்துவிட்டால் யாராக இருந்தாலும் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள். அதில் அவமானப்பட ஒன்றும் இல்லை.

முடிச்சு உடைந்ததும் மூளையின் அடிப்பகுதியில் பிசின் மாதிரி ஒரு கசிவு படிகிறது. கண்ணை அசைக்கும் நரம்புகள், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள், மூளைநீர் வடியும் பாதை எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. நரம்பு அழுந்தினால் பார்வை இரட்டையாகும். குழாய் சுருங்கினால் பக்கவாதம். பாதை அடைத்தால் தலைக்குள் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். உங்கள் வீட்டில் மூன்று வாரம் நடந்ததில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். பெரியவர்களுக்கு வரும் மூளை டிபியில் ஏறக்குறைய பாதிப் பேரின் மார்பு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். அதனால் எக்ஸ்ரேயை வைத்து டிபி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எந்த அறிகுறியைத் தவறவிட்டீர்கள்?

நீங்கள் எதையும் தவறவிடவில்லை, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறீர்கள். கடிதத்தில் நாள் வாரியாக எழுதியிருப்பதை எங்கள் மாணவர்களுக்குப் பாடமாகவே கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறீர்கள். தலைவலியை கிளினிக்கிலும், வாந்தியை மருந்துக் கடையிலும், கண்ணைக் கண்ணாடிக் கடையிலும் சொன்னீர்கள். துணி வெட்டிய கதையை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. அது வீட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிட்டீர்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. சாதாரண பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல் கடும் காய்ச்சலோடு ஓரிரு நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். வைரஸால் வருவது பெரும்பாலும் வாரம் பத்து நாளில் தணியத் தொடங்கும். டிபி அவசரப்படாது. சாயங்கால ஜுரம், பசியின்மை, எடைக் குறைவு, தலைவலி என்று இரண்டு மூன்று வாரம் இழுக்கும், நடுவில் ஒருநாள் தேவலை போலவும் இருக்கும். காய்ச்சலோடு வந்த தலைவலி ஒரு வாரத்தைத் தாண்டி, மாத்திரைக்கும் அடங்காமல், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் இந்த நோயை நினைத்துப் பார்க்க அதுவே போதும். விடியற்காலையில் எழுப்பிவிடும் தலைவலியும் அதோடு வரும் வாந்தியும் தலைக்குள் அழுத்தம் ஏறுவதைக் காட்டுகின்றன. இரவெல்லாம் படுத்திருப்பதால் அந்த அழுத்தம் காலையில் கூடுதலாக இருக்கும். அந்த வாந்திக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, ஆள் மாறுவது. பெரியவர்களிடம் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளில் இதுதான் அதிகம் கைவிடப்படுகிறது என்பேன். சிடுசிடுப்பு, எதிலும் ஈடுபாடு இல்லாமை, பகலில் தூக்கம், பழகிய வேலையில் தடுமாற்றம் என்று வரும். டாக்டர் ஐந்து நிமிடம் பார்ப்பார். பெயர் என்ன, எந்த ஊர், இன்று என்ன கிழமை என்று கேட்டால் நோயாளி சரியாகச் சொல்லிவிடுவார், டாக்டரும் தெளிவாக இருக்கிறார் என்று எழுதிவிடுவார். 18 வருடம் துணி வெட்டியவர் அளவு மாற்றி வெட்டினார் என்பது டாக்டரின் எந்தக் கேள்விக்குள்ளும் வராது. வீட்டிலிருப்பவர்தான் சொல்ல வேண்டும். "டாக்டர், இவர் இப்படிப்பட்ட ஆளே இல்லை" என்று யாராவது சொன்னால், நான் பேனாவை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து விசாரிப்பேன். இதே மாற்றத்தைத்தான் உங்கள் மாமியாரும் பார்த்திருக்கிறார். காரணத்தைத்தான் செய்வினை என்று எடுத்துக்கொண்டார். மகனிடம் என்னவோ சரியில்லை என்ற அவருடைய கணிப்பு, கேஸ் என்று சொன்னவரின் கணிப்பைவிட உண்மைக்கு நெருக்கமாகத்தான் இருந்தது.

மூன்றாவது, அந்தக் கண். ஒரு கண்ணைப் பொத்தினால் படம் ஒன்றாகிறது என்றால் இரண்டு கண்களும் ஒரே திசையில் திரும்பவில்லை என்று பொருள். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்புதான் இந்த நோயில் அதிகம் அடிபடுவது. காய்ச்சல், தலைவலியோடு இரட்டைப் பார்வை வந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அன்றே நரம்பியல் மருத்துவரிடமோ பெரிய மருத்துவமனைக்கோ போக வேண்டும். ஒரு பக்கம் கண்ணிமை தொங்குவது, வாய் கோணுவது, கை கால் பலமிழப்பது, புதிதாக வலிப்பு வருவது எல்லாமே இந்த வரிசைதான்.

உப்புக் குறைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறைந்தால் குழப்பமும் தூக்கமும் வரும். ஏற்றினால் கொஞ்சம் தெளிவார். அதனால் காரணம் அதுதான் என்று எல்லோருமே நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் மூளைக்குள் நோய் இருந்தாலே சோடியம் இறங்கும். மூளை டிபி வந்தவர்களில் பலரிடம் இதைப் பார்க்கிறோம். தலைவலி, ஜுரத்தோடு உப்புக் குறைவும் இருந்தால், ட்ரிப்ஸ் ஏற்றிய கையோடு அது ஏன் குறைந்தது என்றும் தேட வேண்டும்.

கழுத்து வளைந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். மூளைக்காய்ச்சல் என்றால் கழுத்து விறைத்திருக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் டிபியில் ஆரம்ப நாட்களில் அது இல்லாமலே போகலாம். கழுத்து விறைக்கட்டும் என்று காத்திருந்தால் நாட்கள்தான் போகும்.

அப்புறம், அந்த சி.டி. ஸ்கேன். அடிப்பகுதியில் படியும் கசிவு, படத்தைத் தெளிவாக்கும் மருந்தை நரம்பில் ஏற்றாமல் எடுக்கும் சாதாரண சி.டி.யில் ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம். மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில்தான் உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கிறது. கிளினிக்கில் பார்த்தது டைபாய்டுக்கான விடல் டெஸ்ட் என்ற ரத்தச் சோதனை. நம் ஊரில் எப்போதோ வந்துபோன தொற்றால்கூட அது பாசிட்டிவ் காட்டும். கொடுத்த ஆஃப்லாக்சசினுக்கோ டிபி கிருமியை ஓரளவு அடக்கும் சக்தி உண்டு. காய்ச்சல் மட்டுப்பட்டது டைபாய்டு குணமானதால் இல்லாமல், டிபி பாதி அமுங்கியதாலும் இருக்கலாம். அமுங்கிய நோய் இன்னும் சில நாள் மறைந்திருக்கும்.

சிபிநாட் நெகட்டிவ், பிறகு எதற்கு மருந்து?

கொழுந்தனார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருட மருந்தை ஆதாரம் இல்லாமல் சாப்பிட யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் சிபிநாட் பாசிட்டிவ் என்றால் டிபியை நம்பலாம், நெகட்டிவ் என்றால் டிபி இல்லை என்று சொல்ல முடியாது. சளியில் கிருமிகள் நிறைய இருக்கும். முதுகில் எடுக்கும் நீரில் மிகக் கொஞ்சம்தான். எடுத்த சில மில்லியில் கிருமி அகப்படவில்லை என்பதைத்தான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ஆறு வாரம்வரை ஆகும். அதுவரை மருந்து இல்லாமல் இருந்தால் ரிப்போர்ட் வரும், நோயாளி இருக்க மாட்டார். மருந்து கொடுக்காத மூளை டிபி ஏறக்குறைய எல்லோரையும் கொன்றுவிடும் என்பதால்தான், பலமான சந்தேகம் இருந்தால் சோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே தொடங்கச் சொல்கிறார்கள்.

உங்கள் கணவருக்கு வெறும் சந்தேகம் மட்டும் இல்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் முதுகுநீரில் 210 செல்கள், பெரும்பாலானவை லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள். புரதம் 260, இது வழக்கமாக 45-ஐத் தாண்டாது. சர்க்கரை 48. அதற்கு நேரே 40 முதல் 70 நார்மல் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் "சர்க்கரையும் நார்மல்தானே" என்று கொழுந்தனார் சொல்லியிருக்கிறார். இங்கேதான் சர்க்கரை நோயாளி விஷயத்தில் ஏமாறுவோம். முதுகுநீர்ச் சர்க்கரை, அதே நேரத்து ரத்தச் சர்க்கரையில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அன்று அவருடைய ரத்தச் சர்க்கரை 230. பாதி என்றால் 115 வர வேண்டிய இடத்தில் 48 இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் டாக்டர் பேனாவால் வட்டம் போட்டிருப்பது படத்திலேயே தெரிகிறது, பாருங்கள்.

மூன்று வார நோய், ஆறாவது நரம்பு, மூளை அடியில் கசிவு, இப்படிப்பட்ட முதுகுநீர் எல்லாம் சேர்ந்தால் நானும் அன்றிரவே மருந்தைத் தொடங்கியிருப்பேன். இதேபோலத் தோன்றும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைத் தொற்றையும் சோதித்து இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். கல்ச்சர் முடிவு வரும்போது கேட்டு வாங்குங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பது அதில் தெரியலாம்.

முதுகு ஊசிக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை. தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் இரண்டு கணுக்களோடு முடிந்துவிடும், ஊசி போடுவது அதற்கும் கீழே. சில நாள் முதுகுவலியும், உட்கார்ந்தால் தலைவலியும் இருக்கலாம். தேவைப்பட்டால் இன்னொரு முறை எடுப்போம் என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா?

மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. யாரும் தடுக்க முடியாது. ஆனால் இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்பதற்கு ஆளை நகர்த்தத் தேவையில்லை. எம்.ஆர்.ஐ. படம், முதுகுநீர் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலை வாங்கிக்கொண்டு கொழுந்தனார் மட்டும் கோவைக்குப் போய் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்து வரட்டும். அவருக்கும் மனசு ஆறும், இங்கே மருந்தும் நிற்காது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப் போகும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் மருந்து விட்டுப்போகும், ஸ்டீராய்டு சட்டென்று நிற்கும். அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

அந்த ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் வீட்டில் சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற அது மூளை வீக்கத்துக்கானது. 2004-ல் வெளியான ஒரு வியட்நாம் ஆய்வில் 545 நோயாளிகளைப் பார்த்தார்கள். டிபி மருந்தோடு இதையும் கொடுத்தபோது இறப்பு சுமார் 41 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் குறைந்தது. ஆறு முதல் எட்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். சர்க்கரையை ஏற்றிவிடும். டிபி மருந்தான ரிஃபாம்பிசினோ சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். அதனால்தான் இப்போதைக்கு இன்சுலின் போடுகிறார்கள். இன்சுலின் போட்டால் பழகிவிடும் என்று அதையும் மறுக்க வேண்டாம்.

எழுந்து பழையபடி வருவாரா என்று கேட்டீர்கள். 1948-ல் பிரிட்டனில் வகுத்த மூன்று நிலைகளை வைத்துத்தான் இன்றும் கணிக்கிறோம். தெளிவாக இருந்து நரம்புக் குறை ஏதும் இல்லையென்றால் முதல் நிலை. குழப்பமோ நரம்புக் குறையோ இருந்தால் இரண்டாவது. நினைவிழந்தோ அதற்கு நெருக்கமாகவோ இருந்தால் மூன்றாவது. மூன்றாவதில் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை இழக்கிறோம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் கணவர் இரண்டாம் நிலையில் வந்திருக்கிறார். ஒன்பது நாளில் பேசுகிறார் என்பது நல்ல செய்தி. இரட்டைப் பார்வை பொதுவாகச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடும். ஞாபக மறதியும் கோபமும் அதைவிட மெதுவாகத்தான் குறையும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கலாம். முழுக்கச் சரியாகிவிடும் என்று இன்றைக்கே என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

பிள்ளைகளும், புகாரும்

மூளையில் இருக்கும் டிபி அடுத்தவருக்கு ஒட்டாது. இருமும்போது நுரையீரலிலிருந்து வெளிவரும் கிருமிதான் ஒட்டும். அவருக்கு நுரையீரலில் நோய் இல்லை என்பது உறுதியானால் தனித் தட்டும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். நுரையீரல் டிபி வந்தவர்களையே வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கலாம், சானடோரியத்தில் வைத்தவர்களின் குடும்பத்தைவிட இவர்கள் குடும்பத்தில் நோய் அதிகம் பரவவில்லை என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு உலகத்துக்கே காட்டியது. ஆனாலும் வீட்டிலுள்ள எல்லோரையும் ஒருமுறை காசநோய்ப் பிரிவில் காட்டுங்கள். அவர் உங்களுக்குக் கொடுத்திருப்பார் என்பதற்காக அல்ல. வீட்டில் வேறு யாருக்காவது தெரியாமல் இருந்தால் கண்டுபிடிக்கத்தான். பிள்ளைகள் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசி, சின்ன வயதில் வரும் மூளை டிபிக்கு நல்ல காப்பு. பெரியவர்களுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

கிளினிக் மீதான புகாரில் என் எண்ணம் கொஞ்சம் கலவையானது. முதல் வாரத்தில் ஜுரமும் தலைவலியுமாக வருபவரைப் பார்த்து மூளை டிபி என்று சொல்ல எவராலும் முடியாது. ஆனால் மூன்றாம் வாரத்தில் இரட்டைப் பார்வையோடும் குழப்பத்தோடும் வந்தவரை அந்தத் தனியார் மருத்துவமனை உப்பு மட்டும் ஏற்றி அனுப்பியது எனக்கும் உறுத்துகிறது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறி விதி. எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. அதனால் இந்த வாரமே அலைய வேண்டியதில்லை. சட்டத்தைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு குறைந்தது 10 மாதம் மூன்று மருந்துகள். அரசின் திட்டத்தில் எல்லாமே இலவசம். பெயரைப் பதிவு செய்து, நிக்ஷய் என்ற அரசின் டிபி பதிவேட்டு எண்ணை வாங்கினால் சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வரும். அவர் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இன்றே அட்டையைத் தேடி எடுங்கள். நீண்டகால நோய்களுக்கான கூடுதல் உதவித்தொகைப் பட்டியலில் டிபியும் உண்டு. போதிய சேவைக் காலம் இருந்தால் ஊதியத்தில் 80 சதவீதம்வரை கிடைக்கும். கட்டிங் மிஷினும் பைக்கும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். இரட்டைப் பார்வை போய், வலிப்பு பயம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு பார்க்கலாம்.

நான்காம் மாதம் ஆள் தெளிவாகிவிடுவார், "எதுக்கு இன்னும் மாத்திரை" என்று அவரே கேட்பார். இந்த நோயில் பாதியில் நிறுத்தித் திரும்பி வருகிறவர்கள் முதல் தடவையைவிட மோசமான நிலையில் வருகிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசினின் நிறம். எத்தாம்பியூட்டால் என்ற மருந்து சிலருக்குப் பார்வையைப் பாதிக்கும். ஏற்கனவே கண் தொந்தரவு உள்ளவர் என்பதால் மாதம் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டி, சிவப்பு பச்சை வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார் கட்டிய கயிறு கையிலேயே இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கல்லீரலுக்கு நல்லது என்று யாராவது கஷாயமோ லேகியமோ கொடுத்தால் வேண்டாம். டிபி மருந்தே கல்லீரலுக்குப் பாரம்.

பசியே இல்லாமல் குமட்டல், கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம் என்றால் அன்றே போய்க் காட்டுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். அந்த முடிவு டாக்டருடையது. மருந்து சரியாகச் சாப்பிடும்போதே, சில வாரம் கழித்துத் திடீரென்று தலைவலியும் ஜுரமும் திரும்பலாம். மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செத்த கிருமிகளுக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பாலும் இப்படி வரும், ஸ்டீராய்டைச் சரிசெய்தால் அடங்கும். தலைக்குள் நீர் தேங்கியிருந்தால் சின்ன ஆபரேஷன் செய்து குழாய் வைக்க வேண்டி வரலாம். அதையும் தாமதிக்கக் கூடாது.

பகலில் எழுப்ப முடியாத தூக்கம், திரும்பவும் வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தொய்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் கிளினிக்குக்குப் போகாதீர்கள், விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து அதே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, எம்.ஆர்.ஐ. படம், அந்த முதுகுநீர் ரிப்போர்ட், மீதி மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கொழுந்தனாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டி வையுங்கள்.